பழையது

என் வேலை
நிலத்தின்மேல் நிலத்தை அடுக்குவது.
சாலை ஓர் அடுக்கு, சாக்கடை ஓர் அடுக்கு,
வெள்ளம் ஏறிய உயரம் ஓர் அடுக்கு.
எல்லாவற்றுக்கும் அடியில்
பெயரில்லாமல் கிடந்த ஒன்றுக்குப்
போன வருடம் நான் வைத்த பெயர்:
பழையது.

பழையது என்றால்
பக்கத்து மேசைத் தவசீலனுக்குத்
தண்ணீர் ஊற்றிய சோறுதான் ஞாபகம்.
தப்பில்லை.
ஆற்றோர லாலாங் புல்லுக்குள்
ஆளுயரம்கூட வராத அந்த மேடு
யாரோ தின்று போட்ட சிப்பிகள்.
எத்தனையோ ஆயிரம் வேளைச் சாப்பாடு,
கழுவாத தட்டு.

மார்ச் வெயிலில் அளக்கப் போனோம்.
ஹஸ்னுல் கையில் கம்பு,
கம்பின் தலையில் கருவி.
ஒரு சிப்பி கிடக்கும் இடத்தைச் சொல்ல
வானத்தில் பதினான்கு செயற்கைக்கோள்கள்
கூடிப் பேச வேண்டியிருந்தது.
தின்றவனுக்கு
கடலின் திசை தெரிந்தால் போதும்.
அந்தக் கடல் இப்போது
ஏழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.
எண்ணெய்ப்பனை இருக்கிறது.
ஒரு நாய் இருக்கிறது.
மூன்று பக்கம்தான் அது எங்களை விட்டது.
நாலாவது பக்கத்தைக்
குத்துமதிப்பாக வரைந்தேன்.
(அறிக்கையில் இதை எழுதவில்லை.)

திரையில் ஒவ்வோர் அடுக்கின் பக்கத்திலும்
சின்னதாய் ஒரு கண் உண்டு.
தட்டினால் மூடும்,
தட்டினால் திறக்கும்.

தாமான் செரி பாயு வரைவுத் திட்டம்
அச்சாகிச் சமூகக் கூடத்துச் சுவரில் ஏறிய அன்று
கார் நிறுத்த எண்பத்திரண்டு கட்டம்,
ஃபுட்சால் களம் ஒன்று,
மேடு இருந்த இடத்தில்
வழுவழுப்பான பச்சை.
யாரும் எதையும் அழிக்கவில்லை என்றார் மிஸ்டர் புவா.
உண்மைதான்.
அழிக்கவில்லை.
கண் மூடியிருந்தது.

விசாரணை நாளில் முதலில் எழுந்தவர் கமலவேணி.
இந்த வருடம் மட்டும் மூன்று சம்மன்;
மூன்றையும் விசிறிபோல் விரித்துக் காட்டினார்.
"செத்தவன் தின்ன ஓட்டுக்கு எடம் இருக்கு,
என் காருக்கு இல்லையா தங்கச்சி?"
கூடம் கைதட்டியது.
எனக்கும் தட்டத் தோன்றியது.
பதில் இல்லாததால்
கண்ணைத் திறந்தேன்.
சுவரில் சிவப்புக் கோடு எழுந்தது,
அதைச் சுற்றி முப்பது மீட்டர் வேலி,
வேலிக்குள் பாதிக் களமும்
இருபத்தொரு கார்களும்.

கடைசி வரிசையில் ஒரு கை.
சந்தியாகு, ஆற்றோர வீட்டுக்காரர்.
"அது எங்க நாய்தான்.
உங்க கோடு அந்தப் பக்கம் தப்பு.
கோழிக்கூட்டுக்கு நாலு முளை அடிச்சேன்,
நாலுலயும் சிப்பிதான் வந்துச்சு."
சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டிருப்பார்:
கூடு இனிமேல் கோட்டுக்குள்.
எழுந்தவர் உட்காரவில்லை,
வாபஸும் வாங்கவில்லை.

சனிக்கிழமை நாயைக் கட்டிவிட்டு
கம்பை அவரே பிடித்தார்.
கோடு கிழக்கே பதினோரு மீட்டர் நகர்ந்தது.
களத்தைத் திருப்பிப் போட்டார்கள்.
கட்டங்கள் அறுபத்தொன்று.
கோழிகளுக்கு இன்னும் முடிவு வரவில்லை.
பசாரில் எதிரே வந்தால்
கமலவேணி மீன் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

அடுக்குக்குப் பூட்டு கேட்டு
இரண்டு கடிதம் எழுதியாயிற்று.
அதுவரை காலையில் வந்ததும்
பையைக்கூடக் கீழே வைக்காமல்
அந்தக் கண்ணைத்தான் பார்க்கிறேன்.
நேற்று மூடியிருந்தது.
யார் என்று கேட்கவில்லை.
திறந்துவிட்டு
தே ஓ வாங்கக் கீழே போனேன்.